நாய்க்குப் பச்சைக்கறி கொடுக்கலாமா? ஒரு கேள்விக்குள் இருக்கும் மூன்று கேள்விகள்

2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பூனை பறவைக் காய்ச்சல் வந்து இறந்தது. எங்கிருந்து தொற்றியது என்று தேடியபோது, அது சாப்பிட்டுவந்த பச்சை வான்கோழி உணவிலேயே எச்5என்1 கிருமி இருந்தது தெரியவந்தது. அந்த உணவு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதமே, சமைக்காத கோழி, மாட்டிறைச்சியைக் கொண்டு நாய், பூனை உணவு தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் எச்5என்1 ஆபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது.

இன்னொரு பக்கம், சிங்கப்பூரில் நாய் வளர்ப்பவர்கள் காதில் விழும் அறிவுரையே வேறு. "கிபிள் (கடையில் விற்கும் உலர்ந்த உருண்டை உணவு) எல்லாம் குப்பை. நாய் ஓநாயின் வாரிசு. பச்சையாகக் கொடுத்துப் பாருங்கள், சொறி போகும், முடி மின்னும், வாய் நாறாது." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் நாயிடம் பார்த்த மாற்றத்தைத்தான் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவரிடம் போனால் அவர் வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

குழப்பம் தீராததற்கு ஒரு காரணம் உண்டு. "பச்சைக்கறி நல்லதா கெட்டதா" என்பது பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் உள்ளே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அந்தக் கிண்ணத்தில் நாய்க்கு வேண்டிய எல்லாச் சத்தும் இருக்கிறதா? இரண்டு, அந்தக் கறியோடு வரும் கிருமி வீட்டில் யாரைத் தொடும்? மூன்று, இந்த நாயின் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளுமா? ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் அதே பதில் வரும் என்று சொல்ல முடியாது. பச்சைக்கறியை ஆதரிப்பவர் முதல் கேள்வியைப் பற்றிப் பேசும்போது மருத்துவர் இரண்டாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

பச்சை உணவு என்று எதைச் சொல்கிறார்கள்?

கடைகளிலும் நாய் வளர்ப்போர் பேச்சிலும் இந்தப் பெயரில் மூன்று பொருள்கள் புழங்குகின்றன.

1. வீட்டில் கலப்பது. ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ வாங்கிய கோழி, ஆடு, ஈரல், எலும்பு ஆகியவற்றை வீட்டிலேயே அளந்து கலப்பார்கள். இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் ஈயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1990களில் பரப்பிய 'பார்ஃப்' முறையில் பச்சை இறைச்சி, எலும்பு, உள்ளுறுப்போடு காய்கறி, பழமும் சேரும். மற்றது '80-10-10' கணக்கு: 80 பங்கு தசைக்கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு. அந்தக் கடைசிப் பத்தில் பாதி ஈரல்.

2. உறைந்த கலவை. தொழிற்சாலையில் அரைத்து, தட்டையாகவோ கட்டியாகவோ உறையவைத்து விற்பது. வாங்கி ஃபிரீசரில் வைத்து, உருக்கிக் கொடுக்க வேண்டும்.

3. ஃபிரீஸ் டிரைட் உணவு. உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை மட்டும் இழுத்து எடுத்தது. கையில் எடுத்தால் பஞ்சு போல லேசாக இருக்கும், ஃபிரீசர் தேவையில்லை. பலர் இதைச் 'சமைத்தது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதுவும் பச்சைதான். குளிரும் வறட்சியும் பாக்டீரியாவைத் தூங்கவைக்கும், கொல்லாது. தண்ணீர் ஊற்றியதும் எழுந்துகொள்ளும்.

சில நிறுவனங்கள் அதிக அழுத்தம் கொடுத்துக் கிருமியைக் குறைக்கின்றன. உறையில் 'எச்பிபி' என்று இருந்தால் அதுதான். கிருமி குறையும், முழுதாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓநாய் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

நாய் ஓநாயின் வழிவந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனிதனோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் அதன் வயிறும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி வேண்டும். நாயின் கணையத்தில் இதைச் சுரக்கவைக்கும் மரபணுவின் பெயர் ஏஎம்ஒய்2பி. 2013இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஓநாயிடம் இந்த மரபணுவின் நகல்கள் 2 மட்டுமே இருப்பதையும், நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதையும் காட்டியது. மனிதன் பயிர்செய்யத் தொடங்கியபின் அவன் போட்ட சோற்றையும் களியையும் தின்று பிழைத்த நாய்களே தலைமுறை தலைமுறையாக நிலைத்தன.

நம் ஊர்த் திண்ணையில் சோறும் குழம்பும் தின்று வளர்ந்த நாயை நினைத்தால் இது புரியும். சமைத்த சோற்றைச் செரிக்க நாய்க்குத் தெரியும். அதனால் 'தானியம் நாய்க்கு விஷம்' என்ற பேச்சு நிற்காது. அதே சமயம், நாய்க்கு இறைச்சிப் புரதம் நன்றாகவே ஒத்துப்போகும், பச்சைக்கறியையும் அதன் வயிறு செரிக்கும். ஆக, நாயின் வம்சாவளியை வைத்து இந்த வழக்கை எந்தப் பக்கமும் முடித்துவைக்க முடியாது.

சொல்லப்படும் பலன்களில் எது மெய்?

மலம் குறைவாகவும் கெட்டியாகவும் வருவது உண்மை. பச்சை உணவில் நார்ச்சத்து குறைவு, செரிமானம் அதிகம், அதனால் கழிவு குறைகிறது. முடி மினுமினுப்பதும் உண்மையே; கொழுப்பு கூடுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கிபிளில் இருந்த ஏதோ ஒரு பொருளுக்கு ஒவ்வாமை இருந்த நாய்க்கு, உணவை மாற்றியதும் சொறி அடங்கலாம். அதற்குக் காரணம் அந்தப் பொருள் போனது. சமைத்த உணவுக்கு மாற்றியிருந்தாலும் அடங்கியிருக்கும்.

பல் விஷயத்தில் இரண்டு பக்கமும் உண்டு. எலும்பைக் கடித்தால் பற்காரை குறையும். ஆனால் மேல்தாடையில், பின்பக்கம் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் மாட்டெலும்பைக் கடிக்கும்போது பலகை பெயர்வது போலப் பிளந்துவிடும். பிறகு பல்லைப் பிடுங்க மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, பல நூறு வெள்ளிச் செலவு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புலப்படும். எலும்பு கடிப்பதைத் தவிர, மற்ற எல்லாப் பலனும் 'புதிதாகச் செய்த, இறைச்சி அதிகமுள்ள உணவு' என்பதால் வருகிறது. அதைச் சமைத்தும் கொடுக்கலாம்.

முதல் கேள்வி: கிண்ணத்தில் எல்லாம் இருக்கிறதா?

பச்சைக்கறியால் வரும் பாதிப்பில் மிகவும் சத்தமில்லாமல் வருவது இதுதான். கிருமியால் நோய் வந்தால் சில நாளில் தெரிந்துவிடும். சத்துக்குறை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி தேவை. கோழியின் நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அந்தக் கறியை மட்டும் கொடுத்தால் 525 கிராம் வேண்டும். அதில் கிடைக்கும் கால்சியம் 50 மில்லிகிராமைத் தாண்டாது. நாய் உணவுக்கு அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான 'ஆஃப்கோ' வகுத்த குறைந்தபட்ச அளவின்படி இந்த நாய்க்கு வேண்டியதோ சுமார் 800 மில்லிகிராம். அதாவது பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

சிக்கல் அதோடு முடியவில்லை. அதே கறியில் பாஸ்பரஸ் சுமார் 1,100 மில்லிகிராம் இருக்கிறது. உடம்புக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலாவது வர வேண்டும். கால்சியம் அதன் இரண்டு மடங்குவரை இருக்கலாம். பாஸ்பரஸ் மட்டும் குவிந்து கால்சியம் வராமல் போனால், இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் காக்க, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். வீட்டுச் செலவுக்குப் பணமில்லை என்று சேமிப்பிலிருந்து எடுப்பது போல. வளர்ந்த நாயிடம் நிறையச் சேமிப்பு இருக்கும், தாங்கும். குட்டியிடம் சேமிப்பே இல்லை. வெறும் கறி தின்ற குட்டி சில வாரங்களில் நொண்டும். சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். கறி நல்ல கறிதான், அன்பாகக் கொடுத்ததுதான். அதனால்தான் இதைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

இதற்கு மாற்று என்ன? முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்தால் 1 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மேலே சொன்ன கறிக்கு, பாஸ்பரஸோடு சமன்செய்யவே சுமார் 3 கிராம் பொடி வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடாது. வெறும் கறியில் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவையும் பெரும்பாலும் போதாது.

கூடினாலும் ஆபத்து உண்டு. சில எடுத்துக்காட்டுகள்:

1. ஈரல். வைட்டமின் ஏ நிறைந்தது. சத்து என்று தினமும் அள்ளிக் கொடுத்தால் நாளடைவில் மூட்டும் முதுகெலும்பும் இறுகும்.

2. மாட்டின் தொண்டைப் பகுதிக் கறி. சில சமயம் தைராய்டு சுரப்பியும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தொடர்ந்து சாப்பிட்ட நாய்கள் எடை இழந்து, படபடத்து, தைராய்டு மிகுந்த நிலைக்குப் போனது பதிவாகியிருக்கிறது.

3. பச்சை மீன். நெத்திலி, மத்தி வகைகள் சிலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். கொதித்தால் நொதி செயலிழந்துவிடும்.

4. பெரிய இனக் குட்டிகள். இவற்றின் குடல், அதிகமாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. எலும்பு அதிகம் கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும்.

கடையில் வாங்கும் உணவானால் உறையைத் திருப்பிப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்' என்றும், எந்த வயது நாய்க்கு என்றும் போட்டிருந்தால் அது தனி உணவாக நிற்கும். 'சப்ளிமென்டல்' அல்லது 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது துணை உணவு. அதை மட்டும் கொடுத்து நாயை வளர்க்கக் கூடாது. முன்பக்கத்தில் ஓநாய்ப் படமும் 'இயற்கை' என்ற சொல்லும் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இரண்டாம் கேள்வி: கிருமி யாரைத் தொடும்?

"நாய்க்கு வயிறு கெட்டி, கிருமி ஒன்றும் செய்யாது" என்பார்கள். பாதி சரி. ஆரோக்கியமான நாய், சால்மொனெல்லா என்ற பாக்டீரியா கலந்த கறியைத் தின்றும் துள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கனடாவில் 16 நாய்களுக்குச் சால்மொனெல்லா கலந்த பச்சை உணவை ஒரே ஒரு வேளை கொடுத்துக் கவனித்தார்கள். ஒன்றுக்கும் நோய் வரவில்லை. ஆனால் 7 நாய்களின் மலத்தில் கிருமி வந்தது, சிலவற்றுக்கு ஒரு வாரம்வரை. நாய்க்கு நோய் இல்லாததால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. அது தன் பின்பக்கத்தை நக்கும். அதே நாக்கால் குழந்தையின் கன்னத்தை நக்கும்.

2017இல் இங்கிலாந்தில் ஈ.கோலை ஓ157 தொற்று நான்கு பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். நால்வரில் மூவர், பச்சை உணவு சாப்பிடும் நாய்களோடு பழகியவர்கள். அதிகம் நடப்பதல்ல, நடந்தால் திருத்த முடியாதது.

"மனிதர் சாப்பிடும் தரமான கறிதானே வாங்குகிறேன்" என்று சிலர் கேட்பார்கள். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தேக்கா சந்தையில் வெட்டித் தரும் கோழி, நாம் அதைச் சமைப்போம் என்ற நம்பிக்கையில் விற்கப்படுகிறது. அதன் பாதுகாப்பில் பாதி நம் அடுப்பில் இருக்கிறது. சிங்கப்பூருக்கு இது புதுப் பாடமல்ல. 2015இல் பச்சை நன்னீர் மீனைச் சாப்பிட்டவர்களுக்கு பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறி விற்பது தடைசெய்யப்பட்டது. அதே மீன் சமைப்பதற்கு இன்றும் விற்பனையாகிறது.

நம் வீட்டுச் சமையலறையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. ஒரே ஒரு தொட்டி. கோழியை அதில் போட்டு, மஞ்சளும் உப்பும் பிசிறி, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறோம். கண்ணுக்குத் தெரியாத துளிகள் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்மீதும், வடிகூடையில் உள்ள கொத்தமல்லிமீதும் தெறிக்கின்றன. மஞ்சள் தடவினால் கிருமி செத்துவிடும் என்பது நம்மிடையே ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. ஆனால் கோழியில் இருக்கும் சால்மொனெல்லாவையும் கேம்பிலோபாக்டரையும் ஒழிக்க ஒரு சிட்டிகை மஞ்சள் போதாது. குழம்பு வைக்கும்போது அந்த நம்பிக்கை யாரையும் பாதிக்கவில்லை, கடைசியில் கொதி அதைச் சரிசெய்துவிட்டது. பச்சைக்கறியில் அந்தக் கடைசிப் படி இல்லை.

ஃபிரீசரில் வைத்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். உறைகுளிர் பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும், பாக்டீரியாவைக் கொல்லாது. வெளியே எடுத்ததும் அவை பெருகத் தொடங்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி பெருகும் வெப்பநிலை என்பார்கள். நம் சமையலறை எப்போதும் அதற்குள்தான் இருக்கிறது. நல்ல சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலையில் நாய் பாதி சாப்பிட்டு விட்டுப்போன கிண்ணம், நாம் வேலை முடிந்து திரும்பும்வரை தரையில் கிடந்தால் அதில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கிண்ணத்தைக் கழுவுவதும் நினைப்பது போல எளிதல்ல. சால்மொனெல்லா படிந்த நாய்க் கிண்ணங்களைச் சோப்புப் போட்டுக் கழுவியும், ப்ளீச்சில் ஊறவைத்தும் சோதித்திருக்கிறார்கள். சில கிண்ணங்களில் கிருமி போகாமலே இருந்தது. வழவழவென்று விரலில் படும் அந்தப் படலத்துக்குள் அது ஒளிந்துகொள்கிறது. முதலில் தேய்த்துப் படலத்தை எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுவதால் எஃகுக் கிண்ணமே நல்லது.

எச்5என்1 பற்றியும் ஒரு சொல். பூனைகள் இந்தக் கிருமிக்கு மிக எளிதில் பலியாகின்றன. நாய்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் 2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் நாயின் கிண்ணத்தைப் பூனை எட்டிப் பார்க்காமல் இருக்காது.

பன்றியிறைச்சியைப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். அவுஜெஸ்கி நோயை உண்டாக்கும் வைரஸ் பன்றிக்குப் பெரிய தீங்கு செய்யாமல் இருக்கலாம். நாய்க்கு வந்தால் சில நாளில் உயிர்போகும்.

சமைத்தாலும் போகாத நஞ்சும் உண்டு என்பதால் கறி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பச்சைக்கறி சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நாய்கள் ஈரல் செயலிழந்து இறந்தன. அந்தக் கறியில் குதிரை இறைச்சி கலந்திருந்தது. அந்தக் குதிரைகள் மேய்ந்த ஒரு செடியின் நஞ்சு தசையில் தங்கியிருந்தது. நாம் தலைக்குப் போடும் அவுரியின் இனத்தைச் சேர்ந்த செடி அது. 'வளர்ப்புப் பிராணிக்கான இறைச்சி' என்று மொத்தமாக எழுதியிருக்கும் பொட்டலத்தைத் தவிர்க்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சரி, யார் வீட்டில் பச்சைக்கறி கூடவே கூடாது? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், கீமோதெரப்பி எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர், இவர்களில் ஒருவர் இருந்தாலும் பேச்சுக்கு இடமில்லை. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அந்த வீடுகளுக்கு என் பதில் தெளிவாக 'வேண்டாம்' என்பதே. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே பச்சைக்கறியைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்ததற்கும் முதன்மைக் காரணம், நாய்க்கும் மனிதருக்கும் தொற்று வரும் என்பதுதான்.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் அந்தக் கறியைத் தினமும் வெட்டி, அளந்து, கிண்ணம் கழுவுவது பணிப்பெண். அவருக்குக் கையுறை கொடுத்தோமா, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோமா? மாடு, பன்றி கலந்த பொட்டலமானால் அதைத் தொட அவருடைய சமயம் இடம்கொடுக்குமா என்று முதலில் கேட்பதுதான் மரியாதை. புரட்டாசியில் அசைவம் சமைக்காத வீட்டுக்கும் இதே கேள்வி உண்டு. வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மூன்றாம் கேள்வி: இந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளுமா?

வீவக வீடுகளில் பெரும்பாலும் சிறிய இனங்களே இருக்கின்றன. பச்சைக்கறி பற்றிய அறிவுரைகள் பலவும் தோட்டம் வைத்த வீட்டில் பெரிய நாய் வளர்ப்பவர்களிடமிருந்து வருபவை. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மினியேச்சர் ஷ்னாவுசருக்கு இயல்பிலேயே இரத்தத்தில் கொழுப்பு ஏறும். கொழுப்பு மிகுந்த கறி கணைய அழற்சியைத் தூண்டலாம். சிவாவா, மால்டீஸ் போன்ற சிறிய வாய்க்குக் கோழிக் கழுத்து தொண்டையில் சிக்கும். கோழிக் கழுத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பச்சைக் கோழி சாப்பிடும் நாய்களுக்குப் பின்கால் தொடங்கி உடல் தளரும் ஒரு நரம்பு நோய் அதிகம் வருவதை 2018இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கேம்பிலோபாக்டர் கிருமியோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் அது சொன்னது. சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு உள்ள நாய், ஸ்டீராய்டு எடுக்கும் நாய், ஒரு வயது நிரம்பாத குட்டி, இவற்றுக்குப் பச்சைக்கறி வேண்டாம்.

நடுவழி: சமைத்துக் கொடுப்பது

கிபிள் பிடிக்கவில்லை, புதிதாக ஏதாவது கொடுக்க ஆசை என்றால், பச்சைக்கறிக்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. கோழி அல்லது ஆட்டுக்கறியை லேசாக வேகவைத்து, சோறு, பூசணி, கேரட் சேர்த்து, வேகவைத்த தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தால் கிருமிப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதல் கேள்வி மட்டும் அப்படியே இருக்கும். கால்சியமும் நுண்சத்துகளும் சமைத்த உணவிலும் தனியாகச் சேர வேண்டும். இதற்கென்றே விற்கும் தாதுக் கலவைப் பொடிகள் உண்டு. கால்நடை மருத்துவரிடம் எடையும் வயதும் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளலாம்.

நமக்காக வைத்த குழம்பிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. வெந்த எலும்பும் கூடாது. ஊசி போலச் சிதறும்.

பச்சைக்கே மாற்றுவது என்று முடிவெடுத்தால்

வீட்டில் எளிதில் தொற்றக்கூடியவர் யாரும் இல்லை, நாய் வளர்ந்தது, ஆரோக்கியமானது, மருத்துவரும் பார்த்துவிட்டார். அப்படியானால் இந்த வரிசையில் போகலாம்.

1. தொடக்கத்தில் வீட்டில் கலக்காதீர்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்' என்று போட்ட, அழுத்தச் செயல்முறை செய்த உறைந்த உணவை வாங்குங்கள். ஒரே வகை இறைச்சியில் தொடங்கினால், ஒவ்வாமை வந்தால் காரணம் தெரியும்.

2. பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். வயிறு இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி நில்லுங்கள். "பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும்" என்ற யோசனையைச் சிறிய இனத்திடம் காட்ட வேண்டாம். குட்டியானால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

3. வளர்ந்த நாய்க்கு எடையில் 2 முதல் 3 விழுக்காடு என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 10 கிலோ நாய்க்கு 200 முதல் 300 கிராம். ஆனால் உணவுக்கு உணவு கலோரி மாறும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

4. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் உருக்குங்கள். மேல்தட்டில் வைத்தால் ஒழுகும் நீர் இட்லி மாவிலும் தயிரிலும் சொட்டும். மேசைமேல் வைத்து உருக்கக் கூடாது.

5. தனிக் கத்தி, தனிப் பலகை, எஃகுக் கிண்ணம். 20 நிமிடத்தில் சாப்பிடாததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முதலில் சூடான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினி. தரையையும் துடைக்க வேண்டும். நாய் கறியை இழுத்துக்கொண்டுபோய்ப் பாயில் வைத்துத் தின்னும் வழக்கம் உண்டு.

6. சாப்பிட்டதும் முகத்தை நக்க விடாதீர்கள். மலத்தைப் பையில் அள்ளிக் கட்டிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புளோக்கின் கீழே விளையாடும் பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்பு.

7. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த உணவு, எத்தனை கிராம், என்ன சேர்க்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

மாற்றிய பிறகு எதைக் கவனிப்பது?

வெள்ளையாகச் சுண்ணாம்பு போல உதிரும் மலம் வந்தால் எலும்பு அதிகம். முக்கி முக்கியும் வராமல், வாந்தியும் எடுத்தால் குடலில் எலும்பு அடைத்திருக்கலாம். அன்றே போக வேண்டும். குனிந்து வயிற்றைப் பிடித்தாற்போல நிற்பது கணைய அழற்சியாக இருக்கலாம். பின்கால் தளர்ந்து படியேறத் தயங்கினால், குரைக்கும் குரல் மாறினால், அதைச் சோர்வு என்று விட்டுவிடாமல் கோழி கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

அப்புறம், மருத்துவர் கேட்காமல் நாமே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்து, மலத்தில் இரத்தமும் தெரிந்து, பலதுறை மருந்தகத்துக்குப் போனால், நேற்று எங்கே சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள். உணவங்காடியில் சாப்பிட்டதைச் சொல்லும்போது, வீட்டில் நாய் இருக்கிறது, அதற்குப் பச்சைக்கறி கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எந்தக் கிருமியைத் தேடிச் சோதிக்க வேண்டும் என்று அவருக்கு அப்போது தெரியும்.